மேரி ஷெல்லி வாசனைப் பரிசுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபிராங்கன்ஸ்டைன் நாவல் எழுதின மேரி ஷெல்லியோட வாழ்க்கையையும் எழுத்தையும் வச்சு வீட்டுக்கு வாசனைப் பரிசு செய்றேன். மெழுகுவர்த்தி, ரீட் டிஃப்யூசர் (வாசனை எண்ணெய் பாட்டில்ல குச்சி செருகி வைக்கிறது), புத்தக அலமாரிக்குள்ள போடுற துணிப் பை, அவ்வளவுதான். வாங்குறவங்களும் கேக்குறாங்க, வீட்லயே செஞ்சு பாக்கப் போறவங்களும் கேக்குறாங்க, பாதி கேள்வி கதையைப் பத்தி, பாதி மெழுகைப் பத்தி. எல்லாத்தையும் கலந்துகட்டி இங்க போட்டிருக்கேன்.

பயமுறுத்துற கதை எழுதினவங்களுக்கும் வாசனைக்கும் என்னங்க சம்பந்தம்?

நாவலைப் படிச்சவங்க இதைக் கேக்க மாட்டாங்க. நாவலோட நாயகன் விக்டர் உண்டாக்கின அந்த உயிர் (அதுக்குப் பேரே கிடையாது, ஃபிராங்கன்ஸ்டைன்ங்கிறது அதைச் செஞ்ச ஆளோட பேரு) தன்னோட முதல் ஞாபகத்தைச் சொல்ற இடம் ஒண்ணு வரும். பாத்தது தொட்டது கேட்டது மோந்தது எல்லாம் ஒரே நேரத்துல வந்து மேல விழுந்துச்சு, எது எதுன்னு பிரிச்சுப் பாக்கவே ரொம்ப காலம் ஆச்சுன்னு சொல்லும். பிறந்த குழந்தை பேசத் தெரிஞ்சு பேசினா இப்படித்தான் சொல்லும்னு எனக்குத் தோணும். அப்புறம் காட்டுல வசந்தம் வந்ததும் ஆயிரம் வாசனை தன்னைக் குளிர வச்சதாவும் அதே வாயாலதான் சொல்லுது.

மெழுகுவர்த்திக்கு வருவோம். அந்த உயிர் கண்ணு திறக்கிற காட்சி எல்லாருக்கும் சினிமா மூலமா மின்னல், மெஷின், கோட்டைன்னுதான் தெரியும், ஆனா நாவல்ல இருக்கிறது நவம்பர் மாச ராத்திரி ஒரு மணி, ஜன்னல்ல மழை தட்டிட்டு இருக்கு, விக்டரோட மெழுகுவர்த்தி எரிஞ்சு முடியப் போகுது, அந்த அரைகுறை வெளிச்சத்துல ஒரு மங்கலான மஞ்சள் கண்ணு திறக்குது. அவ்வளவுதான் லைட்டிங். இதுக்கு மேல ஒரு மெழுகுவர்த்திக்கு என்ன சிபாரிசு வேணும்?

ரத்தம், பிணவறை, ஆஸ்பத்திரி மாதிரி வாசனை எல்லாம் வச்சிருக்கீங்களா? ஹாலோவீன் பார்ட்டிக்கு வேணும்.

இல்லைங்க. பச்சைக் கலர் மெழுகும் ஊத்துறதில்ல. நாவல்ல அந்த உயிருக்கு மஞ்சள் தோல், பளபளன்னு கருப்பு முடி, முத்து மாதிரி வெள்ளைப் பல்லு, கறுத்த உதடு. பச்சை முகமும் கழுத்துல போல்ட்டும் 1931ல வந்த ஹாலிவுட் படத்துக்கு அப்புறம் பரவினது.

நான் வச்சிருக்கிற ஒரே சட்டம், ஜாடி மேல எழுதுற ஒவ்வொரு வாசனையும் மேரியோட எழுத்துலயோ வாழ்க்கையிலயோ நிஜமா இருந்திருக்கணும். அது இல்லாம "கோதிக்"னு (இருட்டும் பயமும் கலந்த பழைய கதைப் பாணி) கருப்பு லேபிள் ஒட்டி உள்ள வெனிலா ஊத்தி விக்கிறது நிறைய நடக்குது, அது எனக்குப் பிடிக்காது. இன்னொண்ணு, பரிசா வாங்குனவங்க அதைத் தினமும் ஹால்ல ஏத்தணும். பிணவறை வாசனையை எத்தனை நாள் ஏத்துவாங்க?

டியோடாட்டி மழைன்னு ஒண்ணு இருக்கே, அது என்ன?

ஜெனீவா பக்கத்துல கொலோனின்னு ஒரு ஊரு, அங்க வில்லா டியோடாட்டின்னு ஒரு பெரிய வீடு, 1816 கோடைக்கு ஆங்கிலக் கவிஞர் லார்ட் பைரன் வாடகைக்கு எடுத்திருந்தார். கூட அவரோட டாக்டர் பாலிடோரி. பக்கத்துல இன்னொரு வீட்டுல மேரி, அவங்க காதலரும் பிற்பாடு கணவருமான கவிஞர் பெர்சி ஷெல்லி, மேரியோட மாற்றாந்தாய் பொண்ணு கிளேர். மேரிக்கு அப்போ 18 வயசு. முந்தின வருஷம் 1815 ஏப்ரல்ல இந்தோனேசியாவுல தம்போரா எரிமலை வெடிச்சு அந்தத் தூசி உலகம் பூரா மேல போய் வெயிலை மறைச்சதுல 1816ல ஐரோப்பாவுக்குக் கோடையே வரல. படகு விடலாம்னு வந்தவங்க எல்லாம் ஓயாத மழைல வீட்டுக்குள்ள மாட்டிக்கிட்டாங்க. ஜெர்மன் பேய்க்கதைங்களோட பிரெஞ்சு மொழிபெயர்ப்பு ஒண்ணை வச்சு படிச்சுட்டு இருந்தவங்க, ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம்னு பைரன் சொல்ல, அதுல முளைச்சதுதான் ஃபிராங்கன்ஸ்டைன். அந்த எரிமலை இல்லைன்னா அந்தக் கதை இருந்திருக்குமான்னே தெரியல.

அதனால இந்த வாசனைல மழை, ஈர மரம், அடுப்புப் புகை, கொஞ்சம் ரெட் ஒயின். ஒருநாள் ராத்திரி பைரன் ஒரு பேய்க்கவிதையைப் படிச்சுக் காட்ட, பெர்சி கத்திக்கிட்டே ரூமை விட்டு ஓடினாராம், பாலிடோரி மூஞ்சில தண்ணி ஊத்தி ஈதர் கொடுத்துத் தெளிய வச்சதா அவரே டைரில எழுதி வச்சிருக்கார். ஈதரைச் சேக்க முடியுமான்னு ஒருத்தர் கேட்டார். தீப்பிடிக்கிற பொருள் தம்பி, கதையோட விட்டுடுங்க.

மழை வாசனையை எப்படி மெழுகுல கொண்டு வர்றீங்க? கெமிக்கலா?

மழை வாசனைல பெரிய பங்கு மண்ணுல இருக்கிற பாக்டீரியா உண்டாக்குற ஜியோஸ்மின்ங்கிற பொருள். நம்ம மூக்கு அதை ரொம்ப ரொம்பக் கம்மியான அளவுலயே பிடிச்சுடும், அதனால கலவைல ஒரு துளி கூடிட்டா கூட மொத்த ஜாடியும் பீட்ரூட் வெட்டின வாசனை அடிக்கும் (பீட்ரூட்லயும் அதேதான் இருக்கு).

கெமிக்கல் வேண்டாம்னு நினைக்கிறவங்களுக்கு உத்தரப் பிரதேசம் கன்னோஜ்ல காலங்காலமா செய்ற மண் அத்தர் இருக்கு. சுட்ட களிமண்ணைத் தண்ணியோட செப்புப் பாத்திரத்துல போட்டுக் காய்ச்சி, வர்ற ஆவியைச் சந்தன எண்ணெய்ல இறக்குவாங்க. முகர்ந்தா சத்தியமா முதல் மழைதான். ஆனா விலை எக்கச்சக்கம், சூடான மெழுகுல அந்த மென்மையும் தங்காது. நான் அதைத் துணிப் பைக்கு மட்டும் வச்சுக்கிறேன், மெழுகுக்கு ஃப்ராக்ரன்ஸ் ஆயில்ல வெட்டிவேர் எண்ணெய் கலந்து அடிக்கிறேன். வெட்டிவேர் நம்ம கடலூர் கடற்கரை மணல்ல விளையுற அதே வெட்டிவேர்தான், ஈர மண்ணுக்கும் புகைக்கும் நடுவுல நிக்கிற வாசனை அதுக்கு.

வியாரெஜியோ ஜாடியைத் திறந்தா சர்ச் வாசனை வருது அக்கா. மேரி ஷெல்லிக்கும் சர்ச்சுக்கும் என்ன?

சர்ச்சுக்கும் அவங்களுக்கும் ஒண்ணும் இல்லம்மா. அது ஒரு சிதையோட வாசனை. இதை மட்டும் கொஞ்சம் நீளமாச் சொல்லிடுறேன்.

1822 ஜூலை 8, பெர்சி ஷெல்லி இத்தாலில லிவோர்னோவுல இருந்து லெரிச்சி பக்கம் தன் வீட்டுக்குப் படகுல திரும்புறப்போ புயல்ல படகு போச்சு. அவருக்கு 29 வயசு, மேரிக்கு 24. பத்து நாள் கழிச்சு வியாரெஜியோ பக்கத்துக் கரைல உடம்பு ஒதுங்குச்சு, சட்டைப் பைல இருந்த கீட்ஸ் கவிதைப் புத்தகத்தை வச்சுத்தான் அடையாளமே கண்டாங்க. கடல்ல இருந்து ஒதுங்குற எதையும் தொற்று பயத்துல ஊருக்குள்ள கொண்டு போகக்கூடாதுன்னு அங்க சட்டம், அதனால சுண்ணாம்பு போட்டு மணல்லயே புதைச்சு வச்சிருந்து, ஆகஸ்ட் மாசம் நண்பர் டிரெலானி இரும்புல ஒரு அடுப்பு மாதிரி செய்யச் சொல்லி, கடற்கரையிலயே எரிச்சாங்க. பைரன் வந்திருந்தார், எழுத்தாளர் லீ ஹண்ட் வந்திருந்தார். ஒயின், எண்ணெய், உப்பு, ஃபிராங்கின்சென்ஸ்ங்கிற வாசனைப் பிசின் எல்லாம் சிதைல போட்டாங்க, பழைய கிரேக்கர் முறைல. பெர்சி உயிரோட இருந்தப்போ குடிச்சதை விட அதிக ஒயினை அன்னைக்கு அவர் மேல ஊத்தினோம்னு டிரெலானி பிற்பாடு எழுதினார்.

மேரி அங்க போகல. பிற்காலத்துல 1889ல ஒரு பிரெஞ்சு ஓவியர் அந்தக் காட்சியை வரைஞ்சப்போ மேரியை மணல்ல மண்டி போட்டு உக்கார வச்சுட்டார், லிவர்பூல்ல இருக்கு அந்தப் படம், பாக்க அருமையா இருக்கும், நம்பிடாதீங்க. நடந்தது என்னன்னா எல்லாம் எரிஞ்சும் இதயம் மட்டும் எரியல, டிரெலானி கையைச் சுட்டுக்கிட்டு எடுத்தார், லீ ஹண்ட் அதைத் தரமாட்டேன்னு கொஞ்ச நாள் அடம்பிடிச்சு அப்புறம் மேரிகிட்ட வந்து சேர்ந்துச்சு. 1851ல மேரி இறந்த பிறகு அவங்க எழுதுற மேசைக்குள்ள இருந்து எடுத்தாங்க. அது இதயமே இல்ல கல்லீரல்னு இன்னைக்கும் வாதாடுற டாக்டருங்க உண்டு.

அதனால இந்த ஜாடில ஃபிராங்கின்சென்ஸ், கடல் உப்பு, ஒயின், அடியில கொஞ்சம் பைன் கட்டை. ஃபிராங்கின்சென்ஸ் நாட்டு மருந்துக் கடைல குந்திரிக்கம்னு கேட்டா கிடைக்கும். துளித்துளியா காஞ்ச பிசின், மேல வெள்ளையா பொடி பூத்திருக்கும், நகத்தால கீறி மோந்து பாருங்க, முதல்ல எலுமிச்சைத் தோல் வாசனை, அடுத்து பைன், தணல்ல போட்ட அப்புறம்தான் நீங்க சொல்ற சர்ச் வாசனை வரும். ஏத்தாத மெழுகுல அந்த எலுமிச்சையும் ஏத்தி அரை மணி நேரம் ஆனதும் புகையும் வர்ற மாதிரி கலக்குறதுக்குத்தான் எனக்கு ரொம்ப நாள் புடிச்சுது. ஒயினை ரொம்பக் கொஞ்சமாத்தான் விடுவேன், கூடினா ஜாம் ஆயிடும்.

குந்திரிக்கத்தை இடிச்சு அப்படியே மெழுகுல போட்டுடலாமா?

போடாதீங்க. பிசின் மெழுகுல கரையாது, அடியில போய் உக்காரும், திரி உறிஞ்சுற வழியை அடைச்சுடும், சுடர் குட்டியாகி அணையும். சில சமயம் பொடி திரிகிட்ட ஒட்டிக்கிட்டுத் தானே எரிய ஆரம்பிக்கும், அது இன்னும் மோசம். எசென்ஷியல் ஆயிலோ மெழுகுக்குன்னே விக்கிற ஃப்ராக்ரன்ஸ் ஆயிலோ வாங்குங்க. காஞ்ச ரோஜா இதழ், பட்டை, ஏலக்காய்னு மேல தூவி ரீல்ஸ்ல காட்டுறாங்களே, அதுக்கும் இதே பதில்தான்.

பழைய புத்தக வாசனை செய்வீங்களா? லைப்ரரி மாதிரி, வெனிலா கலந்து?

செய்வேன், வெனிலா மட்டும் கிடையாது. பழைய புத்தகம் வெனிலா மாதிரி மணக்கிறதுக்குக் காரணம் மரக்கூழ்ல இருக்கிற லிக்னின் வருஷக்கணக்கா சிதையுறது. மரக்கூழ்ல காகிதம் செய்றது 19ஆம் நூற்றாண்டு நடுவுக்கு அப்புறம்தான் பெருசா வந்துச்சு. ஃபிராங்கன்ஸ்டைன் முதல் பதிப்பு வந்தது 1818 ஜனவரி 1, மூணு வால்யூம், 500 பிரதி, மேரி பேரு கூட இல்லாம. அந்தக் காலக் காகிதம் கந்தல் துணில செஞ்சது, லினன், பருத்தி. அதுல வெனிலா வாசனைக்கு அவ்வளவா வழியில்ல. (அந்த 500ல ஒண்ணு 2021ல ஏலத்துல 11 லட்சத்து 70 ஆயிரம் டாலருக்குப் போச்சு, அதை யாரும் மோந்து பாத்திருப்பாங்களான்னு யோசிப்பேன்.)

அப்போ புத்தகம் ஜாடில என்ன இருக்கு? துவைச்சுக் காய வச்ச லினன், தோல் அட்டை, அப்புறம் மை. அப்போ பேனாவால எழுதுற மை ஓக் மரத்துல பூச்சி கடிச்சு உண்டாகுற காயும் இரும்பு உப்பும் சேத்துச் செய்றது, அதனால ஒரு துவர்ப்பான மர வாசனையும் லேசா இரும்பு வாசனையும். கையெழுத்துப் பிரதி ஆக்ஸ்ஃபோர்டு போட்லியன் லைப்ரரில இருக்கு, பெர்சி தன் கையால திருத்தின இடமெல்லாம் இணையத்துலயே பாக்கலாம், போய்ப் பாருங்க, இதுக்காகவே ஒரு ராத்திரி முழிக்கலாம்.

மல்லிகை, சந்தனம் மாதிரி நம்ம வாசனை எதுவும் இல்லையா?

சந்தனம் ஒண்ணு இருக்கு, காரணத்தோட. விக்டரோட நண்பன் கிளெர்வல், 1831 பதிப்புல பாரசீகம், அரபி, சமஸ்கிருதம்னு படிப்பான், இந்தியாவுக்குப் போகணும்கிறதுதான் அவனோட திட்டம். போக மாட்டான், ஏன்னு சொன்னா கதை கெட்டுடும். அவன் பேர்ல ஒரு சந்தன டிஃப்யூசர் வச்சிருக்கேன், ஆபீஸ் மேசைக்கு நல்லாருக்கும். மல்லிகைக்கு மேரிகிட்ட எந்த இடமும் கிடைக்கல, வலுக்கட்டாயமா நுழைக்க மனசில்ல.

பனிக்கடல்னு போட்டிருக்கீங்க, பனிக்கு வாசனை உண்டா?

கிடையாது. ஆனா மூக்குக்குள்ள சில்லுனு ஒரு உணர்வு வரும்ல, அது மோப்பம் இல்ல, முகத்துல ஓடுற இன்னொரு நரம்போட வேலை. மென்தால், யூகலிப்டஸ் மாதிரி பொருளுங்க அந்த நரம்பைத் தொட்டுக் குளிர்னு நம்ப வைக்கும். அதை அளவா விட்டு, மேல பைன் ஊசியிலை, கீழ கல்லு மாதிரி ஒரு வறண்ட வாசனை. அளவு தாண்டுச்சுன்னா ஜலதோஷத்துக்குத் தைலம் தேச்ச வீடு மாதிரி ஆயிடும்.

பேரு ஏன் பனிக்கடல்னா, பிரான்ஸ்ல ஷாமோனி மேல இருக்கிற மேர் டி கிளாஸ் (பிரெஞ்சுல பனிக்கடல்னு அர்த்தம்) பனியாற்றுக்கு 1816 ஜூலைல மேரி போனாங்க, நாவல்ல விக்டரும் அவன் செஞ்ச உயிரும் நேருக்கு நேர் உக்காந்து பேசுற இடம் அதுதான். மொத்த நாவல்லயும் எனக்குப் பிடிச்ச இடம். இப்போ அந்தப் பனியாறு எவ்வளவோ உருகி இறங்கிடுச்சு.

சோயா மெழுகா, தேன்மெழுகா? வீகன்தானா?

சோயாவும் தேங்காய் மெழுகும் கலந்து. தேன்மெழுகு எனக்குப் பிடிக்கும், ஆனா இந்த வரிசைல போடுறதில்ல, ஏன்னா அந்த உயிர் விக்டர்கிட்ட நேரடியாவே சொல்லும், என் சாப்பாடு மனுஷங்க சாப்பாடு இல்ல, ஆட்டுக்குட்டியை நான் கொல்றதில்ல, ஓக் கொட்டையும் காட்டுப் பழமும் போதும்னு. பெர்சியும் சைவம்தான், 1813ல அதுக்காகவே ஒரு நூல் எழுதினவர். இப்படிப்பட்ட வீட்டுக் கதைக்கு உயிரினங்ககிட்ட இருந்து எடுத்த மெழுகு எதுக்கு?

நிஜத்துல மேரி எழுதினப்போ ஏத்தினது மாட்டுக் கொழுப்பு மெழுகுவர்த்தியாவோ, வசதி இருந்தப்போ தேன்மெழுகாவோ திமிங்கலக் கொழுப்பாவோதான் இருந்திருக்கும், அப்போ கிடைச்சது அதுதான். இங்கிலாந்துல 1709ல இருந்து 1831 வரைக்கும் மெழுகுவர்த்திக்கு வரி வேற, லைசென்ஸ் இல்லாம வீட்ல செஞ்சா குத்தம். அந்தக் காலத்துல நான் இந்த வேலை பண்ணியிருந்தா உள்ள போயிருப்பேன்.

வீட்ல ஒரே ஒரு ஜாடி செஞ்சு ஃப்ரெண்டுக்குக் கொடுக்கணும், அளவு சொல்லுங்க.

200 கிராம் சோயா மெழுகு, 16 கிராம் ஃப்ராக்ரன்ஸ் ஆயில், அதாவது எட்டு சதவீதம். கிச்சன் தராசுல எடை போடுங்க, ஸ்பூன் கணக்கு வேணாம். மெழுகை நேரா அடுப்புல வைக்காம, தண்ணி கொதிக்கிற பாத்திரத்துக்குள்ள இன்னொரு பாத்திரம் வச்சு உருக்குங்க. முழுசா உருகி 75 டிகிரி கிட்ட இருக்கப்போ அடுப்பை அணைச்சுட்டு எண்ணெயை ஊத்தி ரெண்டு நிமிஷம் மெதுவா கலக்கணும், அவசரத்துல அடிச்சுக் கலக்கினா காத்துக் குமிழி நிக்கும். 60க்கு இறங்கினதும் ஜாடில ஊத்துங்க. டெம்பரேச்சர் மெழுகுக்கு மெழுகு மாறும், பாக்கெட்ல போட்டிருக்கிறதையும் ஒருதரம் பாருங்க.

திரிதான் முக்கால்வாசி விஷயம். ஜாடியோட விட்டத்துக்கு ஏத்த திரி வாங்கணும், பெரிய ஜாடில ஒல்லித் திரி போட்டா நடுவுல குழி விழுந்து ஓரத்து மெழுகு அப்படியே நிக்கும், சின்ன ஜாடில தடித் திரி போட்டா புகைஞ்சு கண்ணாடி கருத்துடும். ஊத்தி முடிச்சு ரெண்டு வாரம் மூடி போட்டு வைங்க. சோயா மெழுகு மெதுவாத்தான் இறுகும், எண்ணெயும் அதுக்குள்ளதான் சரியா பரவி நிக்கும். அடுத்த நாளே ஏத்திப் பாத்துட்டு வாசனையே இல்லைன்னு எனக்கு மெசேஜ் போடாதீங்க.

வாங்கி ஏத்தினேன், மூடியைத் திறந்தா அவ்ளோ வாசனை, எரியுறப்போ ஒண்ணுமே இல்ல. ஏன்?

பெரும்பாலும் முதல் தடவை ஏத்தினப்போ சீக்கிரம் அணைச்சிருப்பீங்க. முதல் தடவை மெழுகு ஓரம் வரைக்கும் உருகி ஒரு குளமா நிக்கணும், ரெண்டு மூணு மணி நேரம் ஆகும். அந்தக் குளத்துல இருந்துதான் வாசனை கிளம்புது, சுடர்ல இருந்து இல்ல. அப்புறம் ஃபேனுக்கு நேர் கீழ வச்சிருந்தாலும் அவ்வளவுதான். இன்னொரு காரணம் உங்க மூக்கு, அரை மணி நேரத்துல பழகிடும், வெளில ஒரு நடை போய்ட்டு வந்து பாருங்க.

ஒவ்வொரு தடவையும் ஏத்துறதுக்கு முன்னாடி திரியை அரை சென்டிமீட்டர் விட்டு நறுக்கிடுங்க. நாலு மணி நேரத்துக்கு மேல ஒரேயடியா எரிய விட வேணாம். அடியில ஒரு விரல்கடை மெழுகு இருக்கப்போவே நிறுத்திடணும், இல்லைன்னா கண்ணாடி சூடேறி விரிசல் விடும்.

வீட்ல கைக்குழந்தையும் பூனையும் இருக்கு. பரவாயில்லையா?

டிஃப்யூசரை விட மெழுகு மேல், அதுவும் ஜன்னல் திறந்து வச்சு, கொஞ்ச நேரம். பூனைக்குச் சில எண்ணெய்களைச் செரிச்சு வெளியேத்துற சக்தி கல்லீரல்ல கம்மி, யூகலிப்டஸ், டீ ட்ரீ, பைன் மூணும் அதுக்கு ஆகாது, அதனால பனிக்கடல் உங்களுக்கு வேணவே வேணாம். டிஃப்யூசர் பாட்டிலைத் தட்டிவிட்டு அந்த எண்ணெயைக் காலோட நக்கிட்டா டாக்டர்கிட்ட ஓடணும். ஆஸ்துமா இருக்கிறவங்களுக்குத் துணிப் பை கொடுங்க, இல்ல வாசனையே இல்லாத மெழுகு கொடுங்க, விக்கிறவளே சொல்றேன்.

கர்ப்பமா இருக்கிற தோழிக்கு வளைகாப்புப் பரிசா கொடுக்கலாமா? அவ பெரிய கோதிக் ரசிகை.

வேணாம்மா. வாசனைக்காகச் சொல்லல, கதைக்காக. மேரியோட அம்மா மேரி வோல்ஸ்டன்கிராஃப்ட், பெண்ணுரிமைக்கு எழுதின பெரிய ஆளு, மேரி பிறந்து பதினோரு நாள்ல பிரசவ ஜன்னில போனாங்க. மேரிக்குப் பிறந்த நாலு குழந்தைல தங்கினது ஒண்ணே ஒண்ணு. 1815ல முதல் குழந்தை போனதுக்கு அப்புறம் டைரில எழுதியிருக்காங்க, குழந்தை வெறும் குளிர்லதான் அப்படி இருந்துச்சு, நெருப்புகிட்ட வச்சுத் தேச்சதும் உயிர் வந்துடுச்சுன்னு கனா கண்டதா. அதுக்கு அடுத்த வருஷம்தான் ஃபிராங்கன்ஸ்டைன் எழுத உக்காந்தாங்க. செத்ததுக்கு உயிர் கொடுக்கிற கதை எங்க இருந்து வந்துச்சுன்னு தனியா ஆராய்ச்சி வேணுமா என்ன. தோழிக்குக் குழந்தை பிறந்து வீடு கொஞ்சம் அமைதியானப்புறம் கொடுங்க, ஒண்ணும் கெட்டுப் போகாது.

குழந்தையை இழந்தவங்களுக்கு, இல்ல இழவு நடந்த வீட்டுக்கு அனுப்பணும்னு சிலர் கேக்குறாங்க. வெள்ளைப் பூ ஜாடியை மட்டும், கதைக் குறிப்பு இல்லாம அனுப்புவேன். காட்டுல குடிசைக்குப் பக்கத்துல ஒளிஞ்சிருந்து அந்த உயிர் ஒரு குடும்பத்தைப் பாத்துட்டே இருக்கும்ல, அங்க ஃபீலிக்ஸ் பனிக்கு அடியில முளைச்ச முதல் சின்ன வெள்ளைப் பூவைத் தங்கச்சி அகாதாவுக்குப் பறிச்சுட்டு வருவான். அந்தப் பூவோட பேரை மேரி சொல்லல, பனித்துளிப் பூன்னு (ஸ்னோட்ராப்) நான் எடுத்துக்கிட்டேன். அந்தப் பூவுக்கு லேசா தேன் வாசனை. அதுல எண்ணெய் எடுத்து யாரும் விக்கிறதில்ல, கலந்துதான் உண்டாக்கணும். நான் செய்றதுலயே அடக்கமான வாசனை அதுதான், தூங்குற ரூமுக்கும் சரியா வரும்.

நாவலே படிக்காதவங்களுக்குக் கொடுத்தா புரியுமா?

ஒவ்வொரு பெட்டிலயும் ஒரு சின்னக் காகிதம் வைக்கிறேன், எந்தக் காட்சி, எந்த வருஷம், நாலே வரி. புத்தகமும் சேத்துக் கொடுக்கணும்னு தோணினா 1818 பதிப்பு கொடுங்க. கடைல சாதாரணமாக் கிடைக்கிறது 1831ல மேரி திருத்தினது, அதுல முன்னுரை பிரமாதம், டியோடாட்டி கதையை மேரி வாயாலயே கேக்கலாம், ஆனா விக்டரை விதி மேல பழி போட வச்சுத் தப்பிக்க விட்டுடுறாங்க. 1818 விக்டர் செஞ்சதுக்கு அவனேதான் பொறுப்பு. எனக்கு அதுதான் ஒசத்தி.

டிராகுலா வாசனை எப்போ வரும்?

அது பிராம் ஸ்டோக்கர், 1897. பூண்டு வாசனை மெழுகு கேக்காதீங்க தயவுசெஞ்சு. ரத்தக்காட்டேரிதான் வேணும்னா அதே டியோடாட்டி மழையை எடுத்துக்கோங்க, 1819ல வெளிவந்த பாலிடோரியோட வேம்பயர் கதைக்கும் விதை அந்தக் கோடைலதான் விழுந்துச்சு.

எந்த நாளுக்குக் கொடுத்தா பொருத்தமா இருக்கும்? கூரியர்ல உருகாதா?

எல்லாரும் அக்டோபர் கடைசிக்குத்தான் கேக்குறாங்க. மேரி பிறந்தது ஆகஸ்ட் 30, நாவல் வந்தது ஜனவரி 1, இந்த ரெண்டுல ஒண்ணு எடுத்தா எனக்கும் மூச்சு விட நேரம் கிடைக்கும். மெழுகு இறுக ரெண்டு வாரம், அதனால மூணு வாரம் முன்னாடியே சொல்லிடுங்க. ஏப்ரல்ல இருந்து ஜூன் வரைக்கும் மெழுகு அனுப்புறதில்ல, சோயா கலவை 45, 50 டிகிரிலயே இளகிடும், மே மாச வேன்ல அந்தச் சூடு சாதாரணம். அப்போ துணிப் பையும் டிஃப்யூசரும் மட்டும்தான். மேல எண்ணெய் வேர்த்த மாதிரி நின்னா பயப்படாதீங்க, டிஷ்யூவால ஒத்தி எடுத்துட்டு ஏத்தலாம்.

முடிஞ்சதும் ஜாடியை என்ன பண்றது?

ஃப்ரீசர்ல ஒரு ராத்திரி வைங்க, மிச்ச மெழுகு சுருங்கித் தட்டினா கழண்டு வந்துடும். திரி அடில இருக்கிற தகடை கத்தி முனையால நெம்பி எடுத்துட்டு வெந்நீர்ல சோப்பு போட்டுக் கழுவுங்க. கழட்டின மெழுகை சிங்க்ல மட்டும் ஊத்திடாதீங்க, குழாய்க்குள்ள போய் இறுகிக்கும். பேனா போட்டு வைக்கலாம், சில்லறை போடலாம், குடிக்கிறதுக்கு மட்டும் வேணாம்.